சால்வைக்குள் விலை

கரிஸ்ஸா
24 அக்டோபர் 1994

அன்புள்ள ரோப்லே அண்ணனுக்குத் தங்கை எப்லாவின் ஸலாம்.

இந்த மாதம் பன்னிரண்டாம் தேதி புதன் சந்தையில், ஒரு கிடாய்க்கு விலை பேசிக்கொண்டிருக்கும்போதே உன் மச்சான் ஹாஷிக்கு வலது கை விழுந்துவிட்டது. விலையைச் சொல்ல, சால்வைக்குள் வாங்க வந்தவரின் விரல்களைப் பிடித்திருந்தாராம். மூன்று விரல் பிடித்தவர் நாலாவதுக்குப் போகவில்லை. "என்ன ஹாஷி, தூங்கிட்டியா?" என்று அந்த ஆள் கேட்டிருக்கிறார். பிறகுதான் வாய் ஒரு பக்கம் கோணியிருப்பதைப் பார்த்திருக்கிறார்கள்.

பத்து நாள் ஆஸ்பத்திரி. முந்தாநாள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். பேச்சு குழறுகிறது, எனக்குப் புரிகிறது. காலை இழுத்து நடக்கிறார். கை எப்போது வரும் என்று டாக்டரால் சொல்ல முடியவில்லை.

தரகருக்குக் கைதானே எல்லாம். இடது கை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இடது கையை நீட்டினால் எந்த மனிதன் பிடிப்பான்?

சந்தைக் கமிட்டிப் பெரியவர்கள் வந்து பார்த்தார்கள். "ஹஜ்ஜுப் பெருநாள் வரைக்கும் உங்க பட்டி இடத்த யாருக்கும் குடுக்க மாட்டோம். ஆனா வாராவாரம் உங்க வீட்டு ஆள் ஒருத்தர் நின்னு யாவாரம் பண்ணணும். நடக்கலேன்னா பெருநாளோட தூபாத்துக்குப் போயிரும்" என்றார்கள். தூபாத் பக்கத்துப் பட்டித் தரகர். அவரும் கூட வந்து எங்கள் வீட்டுத் தேநீரைத்தான் குடித்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வீட்டு ஆள் யார்? மகள்கள் இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போகிறார்கள். மிச்சம் நான். என்னைப் பற்றி உனக்கே தெரியும். என் நிக்காஹ் அன்று சம்மதமா என்று மூன்று முறை கேட்டும் நான் வாய் திறக்காமல், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து நீதான் "சம்மதம், சம்மதம்" என்று கத்தினாய்.

நீ இருபது வருடமாக நைரோபியில் துணி விற்கிறவன். விலாசம் கேட்க வந்தவனுக்குக்கூட இரண்டு கைலி விற்று அனுப்புகிறவன். எப்படி விற்பது என்று எழுது. போன் பண்ணச் சொல்லாதே. உன் குரல் வந்ததும் என் குரல் போய்விடும். பேனா பிடித்தால்தான் எனக்குப் பேச்சு வருகிறது.

மதினி மூமினாவின் முழங்கால் வலி எப்படி? பிள்ளைகள் சுகமா? கடை எப்படி?

துஆவில் எங்களை மறக்காதே.
எப்லா


நைரோபி
30 அக்டோபர் 1994

வாயில்லாத என் தங்கைக்கு, வாயைத் தவிர வேறு எதுவும் இல்லாத அண்ணன் எழுதுவது.

கடிதத்தைப் படித்துவிட்டு நானும் உன் மதினியும் வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்தால் எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரியும். மச்சானுக்கு என் ஸலாம். வெள்ளிக்கிழமை பள்ளிவாசலில் எல்லோரையும் துஆ செய்ய வைத்தேன்.

இனி வியாபாரம். கவனமாகக் கேள்.

சந்தைக்குள் முதல் ஆளாகப் போ. முதல் ஆளாகச் சத்தம் போடு. ஆட்டைப் பார்க்க வந்தவனை விடாதே. கையைப் பிடித்து இழு. சரி, நீ பெண், கை வேண்டாம். ஆட்டின் கயிற்றை அவன் கையில் திணி. கயிறு கைக்கு வந்துவிட்டால் ஆடு பாதி விற்றது போல. அவன் அப்பா பெயரைக் கேள், தாத்தா பெயரைக் கேள், எங்கேயாவது ஒரு சொந்தம் அகப்படும். அகப்பட்டதும் "உனக்காக" என்று சொல்லி விலையைச் சொல். சிரிக்க வை. சிரித்தவனுக்குப் பேரம் மறந்துபோகும்.

நான் இப்படித்தான் விற்கிறேன். நேற்றுகூட, தலைவலி மாத்திரை கேட்டு வந்த ஒருவன் திரைத்துணி வாங்கிக்கொண்டு போனான். அவன் வீட்டுக்கு ஜன்னல் இருக்கிறதா என்றுகூட நான் கேட்கவில்லை.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். பெருநாள் வரை பார். முடியாவிட்டால் ஆடுகளை விற்றுவிட்டு வீட்டைப் பூட்டி எல்லோரும் இங்கே வந்துவிடுங்கள். பின்னால் ஒரு அறை இருக்கிறது. மதினிக்கும் துணையாக இருக்கும்.

கடைக்கென்ன, ஓடுகிறது.

உன் ரோப்லே


கரிஸ்ஸா
17 நவம்பர் 1994

அண்ணனுக்கு ஸலாம். நாங்கள் சுகம். உங்கள் எல்லோர் சுகத்துக்கும் அல்லாஹ்வை வேண்டிக்கொள்கிறேன்.

நீ எழுதியதைப் பாடம் போல் மனப்பாடம் செய்துகொண்டு மூன்று சந்தைக்குப் போனேன். நடந்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

முதல் சந்தையில் "ஆடு, ஆடு" என்று கத்தினேன். ஆடு விற்கிற இடத்தில் ஆடு என்று கத்தினால் என்ன? பக்கத்துப் பட்டியில் ஒருவர், "ஏம்மா, கழுதையா விக்கிறோம் நாங்க?" என்றார். அதோடு என் சத்தம் நின்றது.

இரண்டாவது சந்தையில் ஒரு ஆளிடம் தாத்தா பெயரைக் கேட்டேன். அவர் சொன்ன பெயர் எனக்குத் தெரியவில்லை. அடுத்து என்ன சொல்வதென்று நீ எழுதவில்லை. இரண்டு பேரும் ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியில் ஆடு மட்டும் கத்தியது.

மூன்றாவது சந்தையில்தான் நஷ்டம். ஒருவர் வாய் ஓயாமல் பேசினார். ஆடு மெலிவு என்றார், கொம்பு கோணல் என்றார், என் செருப்பைப் பற்றிக்கூட ஏதோ சொன்னார். இந்தப் பேச்சு நின்றால் போதும் என்று இருந்தது எனக்கு. அவர் சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டேன். ஒவ்வொன்றும் எழுநூறு ஷில்லிங்குக்குப் போக வேண்டிய இரண்டு ஆடுகள், நானூற்று எண்பதுக்குப் போயின. மச்சானிடம் சொன்னபோது அவர் கண்ணை மூடிக்கொண்டார். திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது.

இறைச்சிக் கடை ஷம்சோவை நீ பார்த்திருக்க மாட்டாய். கரிஸ்ஸாவில் அவளுடைய கத்தியும் வாயும் ஒரே கூர்மை. அவள் என்னைப் பார்த்து, "ஏ பொண்ணு, உன் வாய்க்குப் பூட்டுப் போட்டவன் சாவிய ஆத்துல போட்டுட்டானா?" என்றாள். சந்தையே சிரித்தது. இப்போது எனக்கு ஆமுஸ் என்று பெயர் வைத்துவிட்டார்கள். 'பேசாதே' என்று பிள்ளைகளை அதட்டுகிற சொல்லே எனக்குப் பெயர். நம் ஊரில் ஒரு பெயர் ஒட்டிவிட்டால் மையத்தாகும் வரைக்கும் விட்டுப் போகாது.

சந்தை நடுவில் மூச்சு முட்டும்போது ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டும் சாக்கில் பட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறேன். தொழுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைத்துக்கொள்ளட்டும்.

வேறு வழி இருந்தால் எழுது. கடை எப்படி?

எப்லா


நைரோபி
5 டிசம்பர் 1994

தங்கைக்கு ஸலாம்.

"கழுதையா விக்கிறோம்" என்ற இடத்தில் சிரித்துச் சிரித்துத் தேநீரைச் சட்டையில் கொட்டிக்கொண்டேன். நானூற்று எண்பதில் சிரிப்பு நின்றது.

எப்லா, உன்னைக் குறை சொல்லவில்லை. சிலருக்கு வரும், சிலருக்கு வராது. உனக்கு வராது. பெருநாள் வரைக்கும்கூட ஏன் காத்திருக்க வேண்டும் என்று யோசித்துப் பார். மெலிந்த பிறகு ஆடுகளை விற்பதைவிட இப்போதே விற்பது நல்லது.

அடுத்த கடிதத்தைக் கடை விலாசத்துக்கு அனுப்பாதே. வீட்டுக்கு அனுப்பு. இங்கே தபால்காரன் சரியில்லை.

மச்சானுக்கு ஸலாம்.
ரோப்லே


கரிஸ்ஸா
12 ஜனவரி 1995

அண்ணனுக்கு ஸலாம். மகள்களுக்கு மலேரியா வந்து போனது. இப்போது இரண்டும் ஓடியாடுகின்றன. உன் வீட்டில் எல்லோரும் நலம்தானே?

இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

ஆமுஸ் என்ற பெயர் வந்த பிறகு எனக்கு ஒரு வசதி கிடைத்தது. என்னிடம் யாரும் பேச்சை எதிர்பார்க்கவில்லை. பட்டிக் கம்பில் சாய்ந்து நின்று வேடிக்கை பார்த்தேன், ஐந்து சந்தை. அப்போதுதான் கண்ணில் பட்டது. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். இறைச்சிக் கடைக்காரிகள், சாப்பாட்டுக் கடைக்காரிகள், கல்யாண வீட்டுக்காரிகள். ஆட்டின் பல்லைப் பார்ப்பார்கள், முதுகைத் தட்டிப் பார்ப்பார்கள். ஆட்டைப் பற்றித் தரகர்களைவிட அவர்களுக்குத்தான் அதிகம் தெரியும். விலை என்று வந்ததும் ஒரு தரகரிடம் சொல்லிவிட்டு நாலு அடி தள்ளி நிற்க வேண்டும். இரண்டு ஆண்களின் கைகள் சால்வைக்குள் போகும், வரும். "ஆயிரத்து நூறு" என்பார் தரகர். உள்ளே பிடித்தது ஆயிரத்து நூறா, தொள்ளாயிரமா? அந்தப் பெண்ணுக்கு யார் சொல்வது? அந்நிய ஆணின் கையை அவள் பிடிக்கவா முடியும்?

என்னாலும் முடியாது. ஆனால் பெண்ணின் கையைப் பெண் பிடிக்கலாமே!

விரல் கணக்கு எனக்குத் தெரியும், அண்ணா. கல்யாணமான புதிதில் மச்சான் தரகு பழகியது என் கையில்தான். ஒரு விரல் பிடித்தால் ஒன்று, கை முழுதும் பிடித்தால் ஐந்து, கையை விட்டு மறுபடி இரண்டு விரல் பிடித்தால் ஏழு. அது பழகி, வீட்டில் மற்றதையும் அப்படியே பேச ஆரம்பித்தோம். எத்தனை மணிக்கு வருவார், எத்தனை பேர் சாப்பாட்டுக்கு. இன்னும் சில விஷயங்களும். அதையெல்லாம் எழுத வேண்டாம்.

டிசம்பர் கடைசிச் சந்தையில் ஷம்சோ எங்கள் பட்டியில் ஒரு வெள்ளாட்டைத் தட்டிப் பார்த்தாள். தரகரைத் தேடித் திரும்பினாள். நான் சால்வையை விரித்துக் கையை நீட்டினேன்.

"என்னடி? சலாம் சொல்லிக் கை குடுக்கணுமா?"

"விலை" என்றேன்.

"உன் கையிலயா?"

"நூறுல" என்றேன். ஒரு விரல் நூறு என்று அர்த்தம். இவ்வளவு காலம் தள்ளி நின்று பார்த்தவளுக்கு அது போதும்.

கையைக் கொடுத்தாள். கொழுப்பு வாடை, கத்தி கிழித்த தழும்பு. நான் ஒன்பது பிடித்தேன். அவள் என் விரலைத் தடவித் தடவி ஏழு பிடித்தாள். நான் ஒன்பதிலேயே நின்றேன். அவள் ஏழரை. நான் சும்மா இருந்தேன். சும்மா இருப்பது எனக்குக் கஷ்டமில்லை, அண்ணா. எதிரில் இருப்பவருக்குத்தான் அது கஷ்டம். அவள் உள்ளங்கை வியர்த்தது. எட்டு. "எட்டு நூ..." என்று கத்தப் போனவளின் கையை, சரி என்று அழுத்தினேன். டக்கென்று வாயை மூடிக்கொண்டாள். ஷம்சோ வாயை மூடி அன்றைக்குத்தான் சந்தை பார்த்தது.

போகும்போது என் காதில் சொன்னாள்: "இருபது வருஷமா ஆடு வாங்குறேன். என்ன விலைக்கு வாங்குறேன்னு இன்னிக்குத்தான்டி எனக்குத் தெரிஞ்சுது."

மறு சந்தைக்கு நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நேற்றுப் பன்னிரண்டு ஆடு போயிற்று. நான் மொத்தம் பேசியது ஒரு இருபது வார்த்தை இருக்கும்.

கடை எப்படி?
எப்லா


கரிஸ்ஸா
20 பிப்ரவரி 1995

அண்ணனுக்கு ஸலாம். நோன்பு எப்படிப் போகிறது? போன கடிதத்துக்குப் பதில் இல்லை. கடிதத்தைக் கொண்டுவந்த நைரோபி பஸ்காரரிடம் கேட்டேன், வீட்டில் கொடுத்துவிட்டேன் என்றார். உனக்குப் பேச நேரமில்லாத அளவுக்குக் கடையில் கூட்டம் போலிருக்கிறது.

இங்கே ஒரு பஞ்சாயத்து நடந்தது.

தூபாத் கமிட்டியில் போய் முறையிட்டார். "பொம்பளைங்க கை கோத்து வெல பேசுனா சந்தைக்கு என்ன மரியாத? இன்னும் ஒரு வருஷம் போனா நாம ஆடு மேய்ப்போம், அவங்க நம்மள மேய்ப்பாங்க" என்றார்.

கூட்டத்துக்கு வெளியே நின்ற ஷம்சோ விடவில்லை. "தூபாத்து, உன்ன மேய்க்கிறதுக்கு அவ்வளவு புல்லுக்கு நாங்க எங்க போறது?"

கமிட்டித் தலைவர் இரண்டு பேரையும் அதட்டிவிட்டு, "எப்லா, நீ சொல்லும்மா. எங்க காதுல விழறாப்ல சொல்லணும்" என்றார்.

அண்ணா, முப்பது ஆண்கள். முந்தின ராத்திரியே எழுதிப் படித்து வைத்திருந்தேன். எழுந்து நின்றதும் ஒரு சொல்லும் இல்லை. எவ்வளவு நேரம் நின்றேனோ. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் சந்தை வரி வாங்குகிறவரைக் கையால் காட்டினேன். "இவரக் கேளுங்க. போன வருஷம் இதே நாலு சந்தையில பொம்பளைங்க வாங்குன ஆடு எத்தன, இப்ப எத்தனன்னு" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

அவர் புத்தகத்தைப் புரட்டினார். ஏறக்குறைய இரண்டு மடங்கு. கரிஸ்ஸாவுக்கு வராமல் வழியிலேயே வாங்கிக்கொண்டிருந்த பெண்கள்கூட இங்கே வர ஆரம்பித்துவிட்டார்கள். ஆட்டுக்கு ஆடு வரி வாங்குகிற கமிட்டி அதற்கு மேல் மரியாதையைப் பற்றிப் பேசவில்லை. "பொம்பள கைய பொம்பள புடிக்கிறதுல என்ன குத்தம்?" என்றார் தலைவர். ஒரு நிபந்தனை: ஹாஷி பட்டியில் வந்து உட்கார வேண்டும், வீட்டு ஆளாக. இடம் எங்களுக்கா தூபாத்துக்கா என்பதைப் பெருநாள் சந்தை பார்த்துத்தான் முடிவு செய்வார்களாம்.

மச்சானை நாற்காலியோடு கொண்டுபோய்க் குடைக்குக் கீழே வைத்திருக்கிறேன். குழறலாக ஜோக் சொல்கிறார். பாதி யாருக்கும் புரியவில்லை, எல்லோரும் சிரிக்கிறார்கள். வாயாடி மாப்பிள்ளை, ஊமைப் பெண்டாட்டி என்று பேச்சு.

நான் தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிறேன். நான் பேசாததால் எல்லோரும் என்னிடம் பேசுகிறார்கள். யார் வீட்டில் எந்த மாதம் கல்யாணம், யார் கடையில் கொழுப்பு விற்கவில்லை, எல்லாம் என்னிடம் வந்து சேர்கிறது. சந்தைக்கு வரும் முன்பே யாருக்கு எந்த ஆடு என்று பிரித்துக் கட்டிவிடுகிறேன். போன வாரம் ஒருத்தி ஒரு ஆட்டுக்கு ஆசைப்பட்டாள். "இருமுது, வேணாம்" என்றேன். ஒரு ஆட்டு வியாபாரம் போயிற்று. அவளுடைய தெரு முழுக்க இப்போது என்னிடம்.

கடை எப்படி? பதில் போடு.
எப்லா


நைரோபி
1 மார்ச் 1995

எப்லாவுக்கு ஸலாம்.

கடிதங்கள் கிடைத்தன. சந்தோஷம். எல்லோரும் சுகம். நோன்புப் பெருநாள் வாழ்த்துகள்.

ரோப்லே


கரிஸ்ஸா
14 மார்ச் 1995

அன்புள்ள மூமினா மதினிக்கு எப்லாவின் ஸலாம். முழங்காலுக்கு எண்ணெய் அனுப்பியிருக்கிறேன், வெதுவெதுப்பாகத் தடவுங்கள்.

நேராகக் கேட்கிறேன். அண்ணனிடமிருந்து மூன்று வரியில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. என் அண்ணன் 'பஸ் வருது' என்று சொல்வதற்கே மூன்று வரிக்கு மேல் எடுத்துக்கொள்கிறவன். என்ன நடந்தது?

எப்லா


நைரோபி
25 மார்ச் 1995

எப்லாவுக்கு மதினி எழுதுவது. எண்ணெய் கிடைத்தது, அல்லாஹ் உன் கைக்குப் பரக்கத் தரட்டும்.

நான் சொன்னதாகத் தெரிய வேண்டாம்.

கடை இல்லை. கட்டடம் கைமாறி, நவம்பர் கடைசியில் எல்லாரையும் காலி பண்ணச் சொன்னார்கள். புதுக் கட்டடத்தில் இடத்துக்கு முன்பணம் கேட்டது நம்மால் ஆகாது. துணியெல்லாம் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது. தெருவில் விரித்து விற்கலாம் என்றேன். "இருபது வருஷம் கூரைக்குக் கீழ நின்னவன் தரையில உக்காரவா?" என்றார். தினம் காலையில் சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போகிறார். அங்கே சிரிப்புச் சத்தம் தெரு முனை வரைக்கும் கேட்கிறது. வீட்டுக்கு வந்தால் பேச்சே இல்லை.

உன் கடிதம் வந்த அன்றைக்கு மட்டும் சத்தம் போட்டுப் படிப்பார். ஷம்சோ வருகிற இடத்தை மூன்று தடவை படித்தார்.

நீங்கள் இங்கே வந்தால் ஆட்டுப் பணத்தில் கடை பிடிக்கலாம் என்று அவர் முதலில் நினைத்தார். மறைக்காமல் சொல்கிறேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

மூமினா


கரிஸ்ஸா
12 ஏப்ரல் 1995

அண்ணனுக்கு ஸலாம். நாங்கள் எல்லோரும் சுகம்.

முதலில் நல்ல செய்தி. தினமும் அஸர் தொழுகைக்குப் பிறகு மச்சானின் வலது கையைப் பிடித்து அன்றைய விலைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் பிடிப்பேன், அந்தக் கை சும்மா கிடக்கும். போன வெள்ளிக்கிழமை எட்டுப் பிடித்தேன். கட்டைவிரல் என் விரலைத் தள்ளிவிட்டது. குறைவாம்! டாக்டர் இன்னும் ஒரு வருடம் ஆகும் என்கிறார். ஆகட்டும்.

இப்போது எனக்கு ஒரு உதவி வேண்டும், கேட்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஷம்சோவின் தங்கை அங்கே உன் பக்கம் ஈஸ்ட்லீயில் இறைச்சிக் கடை வைத்திருக்கிறாள். அவளைப் போலப் பதினோரு பெண்கள். வாரம் முப்பது ஆடு வேண்டும், இடையில் நாலு கை மாறாமல் நேராக வேண்டும் என்கிறார்கள். லாரியில் ஏற்றி அனுப்ப என்னால் முடியும். அங்கே விடியற்காலையில் இறக்கி, பதினோரு கடைக்கும் பிரித்துக் கொடுத்து, "இது எனக்கு வேண்டாம், அவளுக்கு ஏன் கொழுத்தது" என்று பதினோரு பேரும் சண்டை போடும்போது சிரிக்க வைத்துச் சமாளிக்க என்னால் முடியாது. சத்தியமாக முடியாது. நினைத்தாலே பட்டிக்குப் பின்னால் போய் உட்காரத் தோன்றுகிறது.

அதற்கு ஒரு வாய் வேண்டும். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த நல்ல வாய் ஒன்றுதான். இனாமாகக் கேட்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வந்து போ. பேசிக்கொள்வோம்.

மதினிக்கும் பிள்ளைகளுக்கும் ஸலாம்.
எப்லா


நைரோபி
24 ஏப்ரல் 1995

எப்லாவுக்கு ஸலாம்.

கட்டைவிரல் விஷயத்தைப் படித்துவிட்டு மதினி அழுதாள். நான் அழவில்லை என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒவ்வொரு கடிதத்திலும் "கடை எப்படி" என்று கேட்பாய். இதில் கேட்கவில்லை. ஆகவே உனக்குத் தெரியும். யார் சொன்னது என்றும் எனக்குத் தெரியும், எண்ணெய் வாடை இன்னும் வீட்டில் இருக்கிறது.

ஆமாம். கடை இல்லை. இந்த இரண்டு சொல்லை எழுத எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. ஊருக்கெல்லாம் விற்கத் தெரிந்தவனுக்கு இதை மட்டும் உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. டிசம்பரில் ஆடுகளை விற்றுவிட்டு வா என்று எழுதினேனே, அது உனக்காக எழுதியது இல்லை. அதற்கு என்னை மன்னித்துக்கொள்.

பெருநாளுக்கு வருகிறேன். ஆனால் தங்கை என்று விலையில் விட்டுக்கொடுக்க மாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

ரோப்லே


கரிஸ்ஸா
18 மே 1995

அண்ணனுக்கு ஸலாம். நல்லபடியாக வீடு போய்ச் சேர்ந்திருப்பாய். மதினியின் முழங்கால் தேவலை என்று பஸ்காரர் சொன்னார்.

நீ பஸ் ஏறிய மறுநாள் கமிட்டித் தலைவர் வந்தார். பெருநாளுக்கு முந்தின நாள் சந்தையில் மட்டும் நம் பட்டியில் எழுபத்து மூன்று ஆடு போனதை நீயே பார்த்தாய். இடம் எங்களுக்கே என்று சொல்லிவிட்டார். பெயரும் மாற்றி எழுதிவிட்டார்கள், ஹாஷி, எப்லா என்று இரண்டு பெயர். தூபாத் பக்கத்தில் நின்று, "எம் பொண்டாட்டிக்கும் அந்த விரல் கணக்கக் கொஞ்சம் சொல்லிக் குடேன், ஆமுஸ்" என்றார். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கேட்டார். புதன்கிழமை அனுப்பச் சொன்னேன். அவள் வந்தாள். மூன்று விரல் தாண்டுவதற்குள் சிரித்துச் சிரித்துச் சால்வையே நழுவிவிட்டது. பழகிவிடுவாள்.

உன்னைப் பற்றி இங்கே இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சந்தை நடுவில், என் சால்வைக்குள் கையை விட்டுக்கொண்டு, ரோப்லே கால் மணி நேரம் வாயைத் திறக்காமல் நின்றதை ஷம்சோ போகிறவர் வருகிறவரிடமெல்லாம் நடித்துக் காட்டுகிறாள். ஆட்டுக்கு இத்தனை ஷில்லிங் தரகு என்று நீ அறுபதில் ஆரம்பித்தாய், நான் முப்பதில். ஐம்பதில் உன் கை வியர்த்தது. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் நாற்பதுக்கு வந்திருப்பாய், உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பொறுக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது.

சால்வைக்குள் பிடித்தது காற்றோடு போகக் கூடாது என்று எழுத்தில் வைக்கிறேன். ஒத்துக்கொண்டால் கீழே கையெழுத்துப் போட்டு, இதே பஸ்காரரிடம் திருப்பி அனுப்பு.

வியாழன்தோறும் முப்பது ஆடு, லாரி வாடகை என்னுடையது. வெள்ளி விடிவதற்குள் நீ இறக்கிக்கொள்ள வேண்டும். வழியில் தீக்கா ஊருக்கு முன்னால் செத்த ஆடு என் கணக்கு, தாண்டிச் செத்தது உன் கணக்கு. பதினோரு கடைக்காரிகளிடம் பேச்சு முழுவதும் உன்னுடையது, அதில் நான் தலையிட மாட்டேன். விற்ற ஒவ்வொரு ஆட்டுக்கும் உனக்கு நாற்பத்தைந்து ஷில்லிங்.

எப்லா